பாடிகாவல்: கூலி முதல் கோரிக்கை எண் 22 வரை

தருமபுரிப் பக்கத்து ஊராட்சி எதிலாவது வீட்டு வரி ரசீது ஒன்றை வாங்கிப் பாருங்கள். வீட்டு வரி இருக்கும். அதோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் ஒட்டிக்கொண்டு வரும். ஊரில் நூலகக் கட்டடம் பூட்டியே கிடந்தாலும் அந்தப் பத்துக் காசு தவறாது. காவலுக்கென்று மட்டும் ஒரு காசும் அதில் இருக்காது.

இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வரும் கவுன்சில் வரிச் சீட்டில் உள்ளூர்ப் போலீஸுக்கு இவ்வளவு என்று தனி வரியே அச்சாகி வருகிறது. 2012 முதல் அந்தந்தப் பகுதியில் தேர்தலில் வென்ற ஆணையர் ஒருவர் அந்தத் தொகையை முன்மொழிகிறார். மக்களிடம் கருத்தும் கேட்கிறார். அரசு வைத்த வரம்பைத் தாண்டினால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். 2015 மே 7 அன்று பெட்போர்ட்ஷயரில் அப்படி ஒன்று நடந்தது. இன்னும் நூறு போலீஸாரை அமர்த்த 15.8 விழுக்காடு கூட்டித் தருகிறீர்களா என்று ஆணையர் கேட்டார். பத்தில் ஏழு பேர் முடியாது என்று வாக்களித்தார்கள்.

சீமைச் சமாச்சாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காவலுக்கு இவ்வளவு என்று ஊர் கொடுத்த கணக்கு நம் கல்வெட்டுகளில் ஆயிரம் ஆண்டுகளாகக் கிடக்கிறது. அந்த வரியின் பெயர் பாடிகாவல். செய்யும் வேலைக்கும் அதற்குக் கொடுக்கும் பணத்துக்கும் அந்த ஒரே பெயர். சோழர் காலத்து வரிப் பட்டியல்களில் அந்தராயம், வெட்டி, குடிமை என்று வரும் கூட்டத்தோடு அதுவும் உட்கார்ந்திருக்கும். சில கல்வெட்டுகளில் பாடிகாவல் கூலி என்று விரித்தும் சொல்லியிருக்கும். அந்தக் ‘கூலி’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

முதலில் பாடி. ஆயர்பாடி என்னும்போது வருவது அதே பாடிதான்: மாடு வைத்திருப்போர் கூடி வாழும் குடியிருப்பு. படை இறங்கித் தங்கும் இடத்துக்குப் பாடிவீடு என்று பெயர். கங்கபாடி, நுளம்பபாடி என்று நாட்டின் பெயராகவும் அது வளர்ந்தது. இன்றைய தருமபுரி, அன்றைய தகடூர், நுளம்பர் ஆண்ட மண்தான். பாடி என்பது ஊர், காவல் என்பது காப்பது. ஊரைக் காப்பது பாடிகாவல் என்று அகராதி இரண்டே சொல்லில் முடித்துக்கொள்ளும். ஆனால் ஊரில் எதைக் காப்பது? நகையையா, நெல்லையா?

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் பதில் கல்லிலேயே நிற்கிறது. இடுப்பில் கச்சை, தலையில் கொண்டை, ஒரு கையில் வில் அல்லது குறுவாள், மறு கையில் கேடயம். பக்கவாட்டில் பாய்கிற ஆள். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். சிலவற்றில் காலடியில் சிறிதாய் மாடு நிற்கும். மேலே வட்டெழுத்து. அரசன் பெயர், ஆண்டு, ஊர், பிறகு அந்தச் சொல்: தொறு. தொறு என்றால் மாட்டு மந்தை. தொறுக் கொண்டபோது மீட்டுப் பட்டான் என்பதுதான் பெரும்பாலான கற்களின் செய்தி. மந்தையை ஓட்டிப் போனார்கள், இவன் மீட்டான், செத்தான். கற்களைத் தேடிப் படித்துத் தொல்லியல் துறை 1970-களில் ‘செங்கம் நடுகற்கள்’, ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என்ற தொகுப்புகளை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் வரும் ஊர்களில் பாப்பம்பாடியும் ஒன்று. மாட்டுக்காகச் செத்தவனின் கல் நின்ற ஊரின் பெயரிலேயே பாடி இருக்கிறது. இது தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கன்னடத்தில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவு. நமக்குக் காவல் என்றால் காப்பது. எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் போனால் ‘காவல்’ என்பது மேய்ச்சல் நிலம். மைசூர் அரசர்களின் அம்ருத மகால் மாடுகளுக்காக ஒதுக்கிய புல்வெளிகளை இன்றும் அம்ருத மகால் காவல் என்றுதான் சொல்கிறார்கள். மாடு மேயும் இடமும் மாட்டைக் காப்பதும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன.

செத்தவனுக்கு ஊர் என்ன கொடுத்தது? உதிரப்பட்டி. நெய்த்தோர்பட்டி என்றும் சொல்வார்கள்; நெய்த்தோர் என்றால் இரத்தம். இந்தப் பட்டி மாட்டுப் பட்டி அல்ல, மானிய நிலம். ஊருக்காக உயிர் விட்டவனின் குடும்பத்துக்கு விட்ட நிலம். காவலுக்கு ஊர் கொடுத்த முதல் சம்பளம் இதுதான் போலும்; ஆனால் ஆள் செத்த பிறகே கைக்கு வந்தது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்து, வேலை வாங்குவது என்று ஏற்பட்டபோது அது பாடிகாவல் கூலி ஆனது.

கூலி என்றால் பேச்சு உண்டு. யாருக்கு, எவ்வளவு, எந்த வேலைக்கு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காவல் ஆட்கள் வேண்டியிருந்தபோது ராஜராஜன் ஊர்ச் சபைகளிடம்தான் கேட்டான். எந்தெந்தச் சபை எத்தனை திருமெய்காப்பு அனுப்ப வேண்டும், அனுப்பிய ஆளுக்கு அந்தச் சபை ஆண்டுக்கு 100 கலம் நெல் கொடுக்க வேண்டும் என்று கோயில் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறது. காவல் கோயிலுக்கு, செலவு ஊருக்கு. சபையிடம் கேட்டா செய்தான் என்று நீங்கள் மடக்கலாம். அரசன் கேட்டால் அது கேள்வியா, கட்டளையா என்பது எக்காலத்துக்கும் பொதுவான சந்தேகம். ஆனால் எந்த ஆளுக்கு எந்த ஊர் எவ்வளவு கொடுத்தது என்பது சுவரில் நின்று யாரும் படிக்கும்படி இருந்தது.

பிற்காலச் சோழர் வலுவிழந்தபோது சொல்லின் முகம் மாறத் தொடங்கியது. சம்புவராயர், காடவராயர் போன்ற குறுநிலத் தலைவர்கள் பகுதி பகுதியாகப் பாடிகாவல் உரிமையைக் கையில் எடுத்தார்கள். தகடூரில் அதியமான் வழியினர் விடுகாதழகிய பெருமாள் என்ற பெயரோடு மீண்டும் தலையெடுத்த காலமும் அதுதான். தலைவர்கள் தங்களுக்கு வரவேண்டிய பாடிகாவலைக் கோயிலுக்குத் தானமாக எழுதிவைத்த கல்வெட்டுகள் உண்டு. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காவல்கூலியை எப்படித் தானம் செய்ய முடியும்? வேலை செய்தவனுக்குக் கொடுப்பதுதானே கூலி? தானம் செய்யலாம் என்றால் அது கூலியாக இருப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். காவல் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம். கூலி என்று பிறந்தது வரியாக வளர்ந்துவிட்டது.

எல்லா இடத்திலும் அப்படி ஆகவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளில், பஞ்சமும் சண்டையும் சூழ்ந்த 14, 15-ஆம் நூற்றாண்டுகளில், ஊரார் கூடித் தங்கள் பாடிகாவலை ஒரு அரையருக்கு விற்றுக் கொடுப்பதைப் பார்க்கலாம். விற்பது ஊர், வாங்குவது தலைவன். கொடுக்கும் சுதந்திரம் இன்னது என்று அதிலேயே எழுதிக்கொள்வார்கள். ஆம், சுதந்திரம். இன்று ஆகஸ்டு 15-இல் கொடியேற்றிச் சொல்லும் அதே சொல். நம் கிராமக் கணக்குகளில் சுதந்திரம் என்றால் ஊர்ப்பணி செய்பவருக்கு வழிவழியாக வரும் பங்கு. காவல் சுதந்திரம், கள சுதந்திரம் என்றெல்லாம் சொல்வார்கள். களத்தில் நெல்லோ கேழ்வரகோ தூற்றி அம்பாரம் போட்டதும், வீட்டுக்கு எடுத்துப் போகுமுன் தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, ஊர்க் காவல் பார்த்த தலையாரிக்கு என்று அளந்து கொடுப்பதற்கு மேரை என்று இன்னொரு பெயர். அளக்கும்போது ஊரே பார்க்கும். வேலை சரியில்லை என்றால் முறத்தைப் பிடித்தபடியே கேட்பார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கூலியில் இன்னொரு நிபந்தனையும் அடங்கியிருந்தது. களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அதன் மதிப்பைத் தர வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் முறையின் முதுகெலும்பு இதுதான் என்பேன். சென்னைப் பட்டினத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் வந்து கோட்டை கட்டிய பிறகும் ஊரைக் காத்தவர் பெத்தநாயக்கன். அது பதவியின் பெயர். இன்றைய பெத்தநாயக்கன்பேட்டை அவர் பெயரில்தான் நிற்கிறது. அவருக்கு வரியில்லா நிலமும், ஊருக்குள் வரும் சரக்குகளில் சிறு சிறு சுங்கமும் கூலி. திருட்டுப் போனால் அவர் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். இப்படி ஒரு நிபந்தனை இன்றைக்கு இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி யாரும் அலைய வேண்டியிருக்காது. ஆய்வாளர் வேலைக்கு யாரும் விண்ணப்பிக்கவும் மாட்டார்கள்.

இதற்குக் கோணலான பக்கமும் உண்டு. மதுரைச் சீமையில் துப்புக் கூலி என்று ஒரு சொல் வழங்கியது. காணாமல் போன மாட்டைப் பற்றித் துப்புக் கொடுக்க வாங்கும் பணம். துப்புக் கொடுப்பவருக்கும் மாட்டைக் கொண்டு போனவருக்கும் உறவு இருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். 1895-96-இல் திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் அம்மையப்பக் கோன் முன்னின்று ஓர் இயக்கம் நடத்தினார். கள்ளர் சாதியார் பார்க்கும் காவல் வேண்டாம், நாமே பணம் போட்டு நமக்குக் காவல் வைத்துக்கொள்வோம். மாடு போனால் அந்தப் பணத்திலிருந்தே ஈடு கொடுப்போம் என்றார்கள். அந்த நிதிக்கு ‘பண்டு’ என்று பெயர். இயக்கத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரார் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட காவல் வரி என்று பார்த்தால் இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு கிடைக்காது. வீடுகள் எரிந்ததும் ஆட்கள் விரட்டப்பட்டதும் அதே இயக்கத்தில்தான். பிறகு ஆங்கில அரசு ஒரு சாதியையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தியபோது இந்தக் காவல் கதைகளையும் தனக்கு வசதியாக எடுத்துக்கொண்டது.

தருமபுரிக்குத் திரும்புவோம். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு விட்டுக்கொடுத்த பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர். அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி வேலை செய்தார். குதிரையேறி ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து வரி போட்டவர். அந்த ஏழாண்டுகளில் அவர் கண்ட கிராமத்தில் மணியக்காரர் இருந்தார், கர்ணம் இருந்தார், தலையாரி இருந்தார். வெள்ளைக்காரன் கொண்டுவந்த தாரோகா என்ற போலீஸ் அதிகாரிகளைவிட இவர்களே மேல் என்று அவர் மனத்தில் பதிந்தது. பிற்பாடு நீதி, போலீஸ் முறைகளைத் திருத்த அவர் தலைமையில் குழு அமைந்தது. 1816-இன் 11-ஆம் ஒழுங்குமுறை ஊர்த் தலைவரையும் தலையாரியையும் சட்டப்படியான போலீஸ் ஆக்கியது. தாரோகா முறை போயிற்று. பாராமகாலின் புழுதி அந்தச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

தலையாரி என்ற சொல்லின் வாழ்வும் தாழ்வும் தனிக் கட்டுரைக்கு உரியது. தெலுங்கில் தலாரி, கன்னடத்தில் தளவார. நாகார்ஜுனகொண்டாவில் இக்ஷ்வாகு அரசர் காலக் கல்வெட்டுகளில் ‘மகாதலவர’ என்று ஒரு பட்டம் வருகிறது. அரச குடும்பத்தோடு கொண்டு கொடுத்த பெரிய மனிதர்களின் பட்டம் அது. இரண்டும் ஒரே வேர் என்று கருதுவோர் உண்டு. விஜயநகரக் காலத்தில் தலையாரிக்கம் என்று வரிக்கே பெயர் வந்தது, பாடிகாவல் போலவே. ஆங்கிலேயர் ‘தலியார்’ என்று நாக்குச் சுளுக்கித் தங்கள் அகராதியில் ஏற்றிக்கொண்டார்கள். மகாதலவரனிலிருந்து இறங்கி இறங்கி, நான் சிறுவயதில் பார்த்த தலையாரி கிராம அலுவலகத் திண்ணையில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மன்றோவின் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது, சின்ன ஓட்டையல்ல. வரி வசூலிப்பவரும் போலீஸும் ஒரே ஆட்கள். 1855-இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை இதைப் போட்டு உடைத்தது. வரி பாக்கிக்காக விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். ஆளைக் குனியவைத்துத் தலையைக் காலோடு கயிற்றால் கட்டிவைத்தார்கள். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். இந்தச் சொற்களைத் தமிழிலிருந்து அப்படியே எடுத்து ஆங்கில அறிக்கை எழுதினார்கள். புகார் சொல்லப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவனும் அவனே. இதன் பிறகுதான் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்து 1859-இன் 24-ஆம் சட்டம் வந்தது. பெயரில் மட்டும் மாற்றத்தோடு தமிழ்நாடு மாவட்டப் போலீஸ் சட்டமாக அது இன்றும் உயிரோடிருக்கிறது.

போலீஸ் என்ற அந்தப் புதுச் சொல்லுக்குள்ளும் ஒரு பாடி ஒளிந்திருக்கிறது. கிரேக்கத்தில் ‘போலிஸ்’ என்றால் நகரம், ஊர்ச் சமுதாயம். அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு நம்மூருக்கு வந்தது. வரும் வழியில் ஊரை உதிர்த்துவிட்டது.

புதிய போலீஸுக்கு அரசு சம்பளம். தலையாரிக்கு? 1864-இல் இன்னொரு சட்டம். நிலவரியில் ரூபாய்க்கு ஓரணாவுக்கு மேற்படாமல் கிராம ஊழியச் செஸ் வசூலித்து, அதிலிருந்து ஊர் ஊழியர்களுக்குச் சம்பளம். களத்து மேட்டில் முறத்தால் அளந்தது தாலுகா கஜானா வழியாகப் போய்த் திரும்பி வந்தது. கொடுப்பவன் யாரென்று வாங்குபவனுக்குத் தெரியாது. வாங்குபவனைக் கேட்கக் கொடுப்பவனுக்கு வழியில்லை. மேரை செஸ் ஆனபோது நடந்தது இதுதான்.

ஊரிடம் காவலுக்கு நேரடியாகப் பணம் கேட்ட சந்தர்ப்பமும் அந்த ஆட்சியில் உண்டு. அது தண்டனையாக வந்தது. கலகம் நடந்த ஊரில் கூடுதல் போலீஸை நிறுத்திச் செலவை ஊரார் தலையில் கட்டச் சட்டத்தில் இடம் இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை ஒட்டித் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தபோது அங்கே தண்டப் போலீஸ் வந்து இறங்கியது. ஊரார் வரி கட்டினார்கள். குஜராத்தில் போர்சத் தாலுகாவில் 1923-இல் ஆளுக்கு 2 ரூபாய் 7 அணா விதித்தார்கள். வல்லபபாய் படேல் கட்டாதே என்றார், யாரும் கட்டவில்லை, அடுத்த ஜனவரியில் வரியே போயிற்று. வங்காளத்திலும் பீகாரிலும் சௌகிதாரி என்ற ஊர்க்காவல் வரிக்கு எதிராக நடந்ததும் இதே ரகம். காவல் வரி என்றாலே எதிர்க்க வேண்டியது என்ற நினைப்பு நம் மக்கள் மனத்தில் ஊன்றியது அப்போதுதான் என்று தோன்றுகிறது. விடுதலைக்குப் பிறகு வீட்டு வரிச் சீட்டில் நூலகத்தைச் சேர்க்கத் துணிந்தவர்கள் போலீஸைச் சேர்க்கத் துணியாததில் வியப்பில்லை.

இன்று போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பெயரும் காவல் துறை. சட்டப்பேரவையில் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை எண் 22 வரும். அதுதான் போலீஸுக்கான பணம். தலையாரிக்கு ஊர் விட்ட நிலத்துக்கும் மானியம் என்றுதான் பெயர் என்பதைக் கவனியுங்கள். ஊர் கொடுத்த மானியம் ஊரிடம் கேட்கும் மானியமாகி, பிறகு கோட்டையில் கேட்கும் மானியமாகிவிட்டது. விவாதத்தில் கொலை, கொள்ளைப் புள்ளிவிவரம் பறக்கும், வெளிநடப்பு நடக்கும், முதலமைச்சர் பதிலளிப்பார். பென்னாகரத்துக்கு எத்தனை போலீஸ், தொப்பூர்க் கணவாயில் இரவு ரோந்து எத்தனை முறை என்பது அந்தப் பேச்சில் எங்கே வரும்?

கிராம சபையில் கேட்கலாமே என்றால், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை பேசலாம். சாராயம் விற்கிறார்கள் என்று தீர்மானமும் போடலாம். ஆனால் காவல் நிலையத்தின் ஒரு ரூபாய்கூடச் சபை கையில் இல்லை. அதே ஊரில் மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊர்க்கவுண்டர் தலைமையில் கூட்டம் போட்டுத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடிவு செய்வார்கள். பண்டிகை முடிந்ததும் வரவு செலவைச் சத்தம் போட்டு வாசிப்பார்கள். ஐந்து ரூபாய் இடித்தாலும் சண்டை வரும். தலைக்கட்டு வரியில் இருக்கும் இந்த உரிமை கோரிக்கை எண் 22-இல் இல்லை.

இல்லாமல் போனால் என்ன என்று கேட்பவர்கள் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நினைக்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்தவர்கள் மூன்று துறையினர்: வனம், போலீஸ், வருவாய். 1859-இல் கஷ்டப்பட்டுப் பிரித்தவை அன்று ஒன்றாகவே வந்தன. வீடுகளைச் சூறையாடினார்கள், பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011-இல் தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்வோம். பெத்தநாயக்கனிடம் அடுத்த மாதமே கேட்டிருக்கக்கூடிய ஈட்டுக்கு இந்த மக்கள் முப்பது ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள்.

பழைய முறை பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பாடிகாவல் பேசிய ஊர்க்கூட்டத்தில் சேரிக்காரருக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை. முறம் பிடித்த கை நிலம் வைத்திருந்த கை. மலைவாழ் மக்களின் வாச்சாத்தியை எந்தப் பாடிகாவலும் தன் பாடியாக எண்ணியிருக்காது. மேலதிகாரி, நீதிமன்றம், பொதுச் சட்டம் எல்லாம் வந்ததால்தான் அந்த 215 பேருக்குத் தண்டனையே கிடைத்தது. ஆனால் எல்லாருக்கும் வாக்கு உள்ள கிராம சபை வந்த பிறகு காவலை மட்டும் அதன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. வரி போடவேண்டும் என்றுகூட இல்லை. நிலைய ஆய்வாளர் வந்து உட்கார்ந்து, இந்த ஆண்டு இவ்வளவு பணம் வந்தது, இத்தனை ஆள் இருக்கிறோம், இத்தனை திருட்டில் இத்தனை மீட்டோம் என்று வாசித்தால் போதும். தொறு மீட்ட கணக்கு என்று அதற்குப் பெயர் வைக்கலாம்.

பெயர்கள் என்னவோ மிச்சமிருக்கின்றன. 1963 சட்டத்தின்படி அமைந்த ஊர்க்காவல் படையில் ஊர் இருக்கிறது. சம்பளமும் கட்டளையும் ஊருடையதல்ல. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒழித்தபோது மணியக்காரர், கர்ணம் போய்க் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பிறகு தலையாரியும் கிராம உதவியாளர் ஆனார். ஆனாலும் ‘தலையாரியைக் கூப்பிடு’ என்பதுதான் ஊர்ப் பேச்சு. கேழ்வரகுக் கொல்லையில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து பரணில் படுப்பவரும், மாம்பழக் காலத்தில் தோப்பில் குடிசை போட்டிருப்பவரும் வாங்குவது இன்னும் காவல் கூலிதான். பழம் குறைந்தால் கூலியில் கழிக்கிறார்கள்.

கடைத்தெருக்களில் இப்போது புதிதாகக் கம்பங்கள் முளைத்திருக்கின்றன. மூன்றாவது கண் என்று போலீஸ் சொல்ல, கடைக்காரர்களும் நலச்சங்கங்களும் பணம் போட்டு மாட்டிய கேமராக்கள். கோயில் குழல்விளக்கில் எழுதுவது போல உபயதாரர் பெயர் எழுதாத குறைதான். சட்டம் எதுவும் இல்லாமல், ரசீது இல்லாமல், வாக்கெடுப்பு இல்லாமல் பாடிகாவல் திரும்பி வந்திருக்கிறது. கேமரா ரிப்பேர் ஆனால் யார் செலவு, பதிவை யார் பார்க்கலாம், திருடன் முகம் தெரிந்தும் பொருள் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதையெல்லாம் பணம் கொடுக்கும்போது எந்தக் கடைக்காரரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டுப் புதுக்கோட்டைக்காரர்கள் எழுதி வாங்கினார்கள்.